சிறிய வாடகை வீட்டை நாமே அழகுபடுத்த எதில் தொடங்கலாம்?

ஜன்னலோரம்:
வணக்கம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை கொண்ட வாடகை வீடு எங்களுடையது. ஹால் 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. ஒரே ஒரு ஜன்னல். சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது. இரண்டு துளைக்கு மட்டும் வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்குத் தைக்கத் தெரியும், ரோலர் பிடிக்கத் தெரியும், மரவேலை அவ்வளவாகப் பழக்கமில்லை.

யோசனை தேடினால், பொம்மை வை, மணிச்சரம் தொங்கவிடு, குட்டி மேசை போடு என்று சேர்க்கிற வழியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் ஹாலில் ஏற்கெனவே பொருள் அதிகம். அறை பெரிதாகத் தெரிகிறதோ இல்லையோ, மாலையில் வந்து உட்கார மனம் வர வேண்டும். எதில் தொடங்கலாம்? அந்த இரண்டு துளைகளை எதற்குப் பயன்படுத்தலாம்?

நூல்கண்டு:
இரண்டையும் திரைச்சீலைக் கம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஜன்னல் உள்ள அறையில் அதைவிடப் பலன் தரும் வேலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கமாகக் கம்பியை ஜன்னல் சட்டத்தை ஒட்டி, அதே அகலத்துக்கு மாட்டிவிடுவார்கள். திரையை ஒதுக்கினாலும் துணி கண்ணாடி மேலேயே குவிந்து நிற்கும். பகல் முழுக்க ஜன்னல் கால்வாசி மூடியே இருக்கும். கம்பியை இருபக்கமும் 15 முதல் 25 செ.மீ. வரை நீட்டி மாட்டினால், ஒதுக்கிய துணி சுவர் மேல் போய் நிற்கும். ஜன்னல் முழுதாகத் திறக்கும். உயரத்தையும் ஏற்றுங்கள். சட்டத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவிலாவது கம்பி வரட்டும், இன்னும் மேலே போனாலும் நல்லதுதான். துணி அங்கிருந்து தரை வரை நேராக விழும்போது பார்வையும் அதோடு ஏறி இறங்கும், அறை உயரமாகத் தெரியும். ஜன்னல் சட்டத்தோடு நின்றுபோகும் குட்டைத் திரை அறையைக் குறுக்கே வெட்டிவிடும்.

துணி எடுக்கும்போது கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் கணக்கிடுங்கள். ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் மடிப்பே விழாது, இழுத்துக் கட்டிய படுதா போல இருக்கும். பருத்தித் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு முறை அலசிக் காய வைத்துவிடுங்கள்; முதல் அலசலில்தான் அது அதிகம் சுருங்கும். இன்னொன்று, கீழ் ஓரத்தை உடனே அடிக்காதீர்கள். குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, சில நாள் கழித்து அளந்து அடியுங்கள். துணி தன் எடையிலேயே சற்று இறங்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்காது. தரையிலிருந்து 1 செ.மீ. மேலே நின்றால் பெருக்கவும் துடைக்கவும் வசதி.

மரத்தூள்:
நூல்கண்டு அக்கா சொல்வது புரிகிறது. ஆனாலும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பொருள் அதிகம் என்று அவரே எழுதியிருக்கிறார். தரையில் கிடப்பது மேலே ஏறாமல் எந்தத் துணி மாட்டி என்ன பயன்? ஜன்னலுக்குள்ளேயே இறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பி இருக்கிறது, அதற்குத் துளையே வேண்டாம். இரண்டு துளைகளையும் ஒரு நல்ல பலகைத் தட்டுக்குக் கொடுக்கலாம்.

நூல்கண்டு:
தம்பி, ஸ்பிரிங் கம்பி சட்டத்துக்குள் நிற்பது. நான் மேலே எழுதிய இரண்டு நன்மையுமே அதில் கிடைக்காது. வெளிச்சமும் குறையும், உயரமும் வராது. தட்டைத் தரையில் நிற்கிற மாதிரியும் செய்யலாமே. திரையை அப்படி நிறுத்த முடியாது.

மரத்தூள்:
அது நியாயம்தான். தரையில் நிற்கும் தட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மாடவிளக்கு:
ஜன்னலோரம், மாலையில் உட்கார மனம் வர வேண்டும் என்ற வரியை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. சூரியன் மறைந்த பிறகு ஜன்னலால் என்ன பயன்? மாலைக்கு விளக்குதான் எல்லாம்.

உங்கள் ஹாலில் அநேகமாகச் சுவரில் உயரத்தில் ஒரு டியூப் லைட் இருக்கும், 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு). படிக்க, ஊசியில் நூல் கோக்க அது வேண்டும். ஓய்வாக உட்கார அது வேண்டாம். ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலிருந்து, சமமாகப் பரவும் வெளிச்சத்தில் மூலை முடுக்கெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அடைசலும் அப்படியே தெரியும். அதை எடுக்க வேண்டாம். கூடவே இளமஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின் பல்புகள் இரண்டைத் தாழ்வான இடங்களில் வையுங்கள். ஒன்று உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும்படி. இன்னொன்று எதிர் மூலையில், சுவரைப் பார்த்தபடி. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணை உறுத்தாது, மூலையும் உயிர்பெறும். மாலையில் டியூபை அணைத்துவிட்டு இவை இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு துளையும் இல்லாமல் அறையே மாறிவிடும்.

பல்பு பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, உச்சம் 100. 90க்கு மேல் உள்ளதாக எடுங்கள். நூல்கண்டு அக்கா சொன்ன துணியின் நிறம் இரவில் செத்துப்போகாமல் இருக்க அது தேவை. இரண்டு தாழ்விளக்கும் ஒரே கெல்வினாக இருக்கட்டும்.

விளக்குக்கு மேல்கூட்டை நீங்களே செய்யலாம். மெல்லிய மரச்சட்டம் நான்கு, அதில் இழுத்து ஒட்டிய வெள்ளைப் பருத்தித் துணி, போதும். உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டும்தான் போட வேண்டும். பழைய குண்டு பல்பின் சூடு துணியைக் கருக்கிவிடும். எல்.இ.டி.க்கும் அடிப்பகுதி சூடாகும் என்பதால் துணிக்கும் பல்புக்கும் நல்ல இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறப்பு வையுங்கள்.

புதுவரவு:
எல்லோரும் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? வெள்ளை அடித்துவிட்டால் சிறிய அறை தானாகப் பெரிதாகத் தெரியாதா?

உப்புத்தாள்:
வெளிச்சம் இருந்தால் தெரியும். வெள்ளை தானாக ஒளி விடாது, வருகிற ஒளியைத் திருப்பித்தான் அனுப்பும். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் படுவதில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும், சரி. ஆனால் படுவதே குறைவு என்றால்? ஜன்னலுக்கு எட்டாத மூலையில் வெள்ளை சாம்பலாகத்தான் நிற்கும். அங்கே லேசாக மஞ்சளோ மண்நிறமோ கலந்த வெளிர் வண்ணம் இதமாக இருக்கும்.

அறை பெரிதாகத் தெரிவதற்கு வண்ணத்தைவிட விளிம்புகள் முக்கியம் என்பது என் அனுபவம். சுவர் ஒரு நிறம், கதவு நிலை ஒரு நிறம், மேல்தளம் ஒரு நிறம், இடையில் ஒரு பார்டர் என்று இருந்தால் கண் ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று போகும். சிறிய அறையில் அந்தக் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அடைப்பு தெரிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். மேல்தளத்துக்கும் அதையே அடிக்கலாம். கதவிலும் நிலையிலும் மட்டும் அதே நிறத்தைக் கொஞ்சம் பளபளப்புள்ள வகையில் வாங்கினால் கை படும் அழுக்கைத் துடைக்கலாம். இந்த முறையில் அடர் நிறம்கூடச் சிறிய அறைக்குப் பொருந்தும். படுக்கையறையில் கருநீலமோ கரும்பச்சையோ அடித்துப் பாருங்கள். மூலை எங்கே முடிகிறது என்றே இரவில் தெரியாது.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பெரிய தாளில் இரண்டு கோட்டு, அதாவது இரண்டு பூச்சு, அடித்து, காலை ஒரு சுவர், மாலை ஒரு சுவர், இரவு விளக்கில் ஒரு சுவர் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள்.

அளவும் சொல்லிவிடுகிறேன். 10க்கு 12 அறையின் சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி, ஆக 440 சதுர அடி, சுமார் 41 சதுர மீட்டர். கதவும் ஜன்னலும் கழித்தால் 36 என்று வைத்துக்கொள்ளலாம். எமல்ஷன் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு 7 லிட்டரை ஒட்டி ஆகும். மேல்தளம் தனிக் கணக்கு.

ஜன்னலோரம்:
உப்புத்தாள், மிக்க நன்றி. ஒரு சிக்கல். கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டும் கொக்கி நிற்பதே இல்லை. ஒட்டிய மறுநாள் விழுந்துவிடுகிறது, பின்னால் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது. அதே சுவரில் கீழே முழங்கால் உயரம் வரை வண்ணம் லேசாக உப்பியும் இருக்கிறது.

உப்புத்தாள்:
நல்ல வேளை, அடிப்பதற்கு முன்பே சொன்னீர்கள்.

முதலில் தூள். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோதான். ஒட்டும் கொக்கி சுவரைப் பிடிக்கவில்லை, மேலே உள்ள தூளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அதன் மேல் எமல்ஷன் அடித்தாலும் இதே கதி, ஒரு வருடத்தில் தோலாக உரியும். உதிர்வதை எல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடியுங்கள். குழிகளைப் பட்டி போட்டு நிரப்பி, 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடங்களுக்கு மறுபடி பிரைமர். பிறகு வண்ணம். அலுப்பான வேலைதான், ஆனால் பெயிண்ட் வேலையில் முக்கால் பங்கு இதுதான். மிகப் பழைய வீடு என்றால் அடியில் உள்ள பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். கதவு, ஜன்னலை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரம் செய்து தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்து உப்பல். அது ஓதம். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்து, சுவரை ஒட்டிய பொருளைச் சற்று விலக்கினாலே பெரும்பாலும் குறையும். உள்ளிருந்து வந்தால் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் அதன் மேல் வண்ணமோ ஒட்டும் தாளோ போட்டு மறைக்க வேண்டாம். பூஞ்சை பின்னால் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒட்டும் கொக்கிக்கு ஒரு குறிப்பு: புது வண்ணம் அடித்த உடனே ஒட்டக் கூடாது, குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்து எடையை மாட்டுங்கள். கண்ணாடி, கனமான சட்டம் எதையும் அதை நம்பி மாட்டாதீர்கள்.

ரசமட்டம்:
துளை போடப் போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சுவிட்ச் போர்டுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் டிரில் வைக்காதீர்கள். வயர் செல்லும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் போகும். கம்பி மாட்டும் இடம் அப்படி வந்தால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

ஜன்னலுக்கு நேர் மேலே லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம், இருக்கும். சுற்றுவதோடு அடிக்கவும் செய்கிற ஹேமர் டிரில் இல்லாமல் அதில் இறங்காது. தெரிந்தவரிடம் இரவல் வாங்கினால் போதும். திருகாணி பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் 6 மி.மீ. என்றால் டிரில் முனையும் 6 மி.மீ. பிளக்கின் நீளத்தை முனையில் டேப் சுற்றிக் குறித்துக்கொண்டால் ஆழம் தவறாது. தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கைத் தட்டுங்கள். தூள் இருந்தால் பிடிப்பு பாதிதான். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அல்லது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கம்பி நீளமாகி நடுவில் தொய்ந்தால் துளையைக் கூட்டாமல் கம்பியின் தடிமனைக் கூட்டுங்கள்.

கண்ணாடி வைத்தால் அறை பெரிதாகும் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் எதைக் காட்டப் போகிறது என்று முதலில் பாருங்கள். ஜன்னலுக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ வைத்தால் வானம் இரண்டாகும். துணிக்கூடைக்கு எதிரில் வைத்தால் துணிக்கூடையும் இரண்டாகும். எடையையும் கணக்கிடுங்கள்: 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. 60க்கு 90 செ.மீ. துண்டு சட்டம் இல்லாமலே ஐந்தரைக் கிலோ வரும். உங்களுக்குத் துளை மிச்சமில்லை, ஆகவே அலமாரிக் கதவிலேயே கண்ணாடி பொருத்துவது பாதுகாப்பு. தரையில் சாய்த்து வைப்பதானால் மேல் விளிம்பைச் சரியாமல் எதிலாவது கட்ட வேண்டும், குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம்.

பச்சைமாடி:
செடியை யாருமே சொல்லவில்லையே! மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் வளரும். அறைக் காற்றையும் சுத்தம் செய்யும். நாசாவே ஆய்வு செய்து சொன்னது.

மாடவிளக்கு:
செடி வைக்க நானும் கைதூக்குகிறேன், காற்றுக்காக வேண்டாம். நாசாவின் அந்த 1989 ஆய்வு காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. 2019இல், அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, கூடினால் 1000 செடி தேவைப்படும் என்று வந்தது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். கண்ணுக்கு ஒரு செடி போதும். பத்துக் குட்டித் தொட்டியைவிட இடுப்பளவு வளர்ந்த ஒன்று சிறிய அறையில் அழகாக நிற்கும்.

பச்சைமாடி:
அந்தக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி. பெரிய செடி ஒன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாம்புக் கற்றாழை என்றால் மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். இரண்டு செடியுமே மென்று விழுங்கினால் விஷம், பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மரத்தூள்:
தட்டு விஷயத்துக்கு வருகிறேன். மரவேலை பழக்கமில்லாதவர் செய்யக்கூடியது, சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணித் தட்டு. இரண்டு நீளச் சட்டம், அவற்றுக்கு நடுவே மூன்று பலகை, கீழே அகலம், மேலே குறுகல். கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிட்டால் உங்களுக்கு மிச்சம் திருகாணியும் மரப்பசையும் மட்டும்தான். காலடியில் ரப்பர் துண்டு ஒட்டினால் வழுக்காது. கனமானவை கீழ்த்தட்டில்.

பலகை 18 மி.மீ. பிளைவுட் எடுங்கள், நீளம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நெடுகப் புத்தகம் அடுக்கினால் பலகையின் நீளத்தை இரண்டு மடங்காக்கும்போது நடுவில் தொய்வு 16 மடங்காகும். அதனால்தான் மூன்றடி, நான்கடித் தட்டுகள் சில மாதத்திலேயே தொய்ந்து காட்டுகின்றன. நீளம் கூடியே ஆக வேண்டும் என்றால் முன் விளிம்பில் 4 செ.மீ. அகலப் பட்டை ஒன்றைச் செங்குத்தாக ஒட்டித் திருகிவிடுங்கள். வளைவதை அது வெகுவாகத் தடுக்கும், பிளைவுட்டின் வெட்டு முகத்தையும் மறைக்கும்.

சரக்குப் பெட்டி மரத்தில் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததையும், கறை படிந்ததையும் நான் தொடமாட்டேன்.

ஜன்னலோரம்:
முடிவு செய்துவிட்டேன். துளைகள் கம்பிக்கு, தட்டு தரையில் நிற்கும். ஓதச் சுவரை வீட்டுக்காரரிடம் காட்டியாயிற்று, அவர் சரிசெய்யும் வரை ஹாலில் பெயிண்ட் இல்லை. அதற்குள் படுக்கையறையில் தலைமாட்டுச் சுவரில் மட்டும் ஏதாவது வேலைப்பாடு வேண்டும் என்று ஆசை. அந்தச் சுவர் எமல்ஷன், தூள் இல்லை. ஒட்டும் வால்பேப்பர் எடுக்கும்போது வண்ணத்தோடு உரியுமா?

நூல்கண்டு:
சில சுவரில் உரியும். அதைவிட உங்களுக்குப் பிடித்த துணியையே ஒட்டலாம், தைக்கத் தெரிந்தவருக்கு இன்னும் சுலபம். மெல்லிய பருத்தித் துணியை அலசிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கூழ் பதத்தில் பசை வரும். ஆறியதும் சுவரில் ரோலரால் தடவி, துணியை மேலிருந்து கீழாகப் படியவிட்டு, அதன் மேலும் ஒரு முறை பசை தடவுங்கள். காற்றுக் கொப்புளங்களைக் கையாலேயே ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். ஓரங்களை ஈரத்தில் வெட்டாதீர்கள், மறுநாள் காய்ந்ததும் பிளேடால் வெட்டினால் நூல் பிரியாது. காலி செய்யும்போது துணியை நனைத்து உரித்து, சுவரைத் துடைத்தால் முடிந்தது. முதலில் கட்டிலுக்குப் பின்னால் ஒரு கைக்குட்டை அளவு ஒட்டி உரித்துப் பார்த்துவிடுங்கள்.

ஓதமுள்ள சுவரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். பூஞ்சை பிடிக்கும், ஸ்டார்ச் தின்னும் இராமபாணப் பூச்சியும் வந்து சேரும்.

புதுவரவு:
மரத்தூள், அந்த ஏணித் தட்டை நானும் செய்யப் போகிறேன், திட மரத்தில். வார்னிஷ் வேண்டாம், மரத்தின் நிறம் அப்படியே தெரிய வேண்டும். என்ன தடவலாம்?

மரத்தூள்:
ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். வேகவைத்தது என்ற பெயரில் விற்பதாக இருக்கட்டும், பச்சையாக இருப்பது காய வாரக் கணக்கில் ஆகும். 120 தாளிலும் 180 தாளிலும் மரத்தின் ரேகை போகும் திசையில் தேய்த்து, தூசி துடைத்து, துணியால் மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காத எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். மேலே தங்கவிட்டால் பிசுபிசுப்பு போகாது. ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று முறை செய்தால் நல்ல மெருகு வரும்.

தடவிய துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். துணியை வெளியே ஒற்றையாக விரித்து, விறைப்பாகக் காயும் வரை விடுங்கள். வெளியே இடம் இல்லையென்றால் ஒரு தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் முழுக முக்கி, மூடி வையுங்கள்.

புதுவரவு:
இது எனக்குத் தெரியவே தெரியாது. பால்கனிக் கொடியில் விரித்துவிடுகிறேன்.

மரத்தூள்:
சரி. மடிப்பு விழாமல் இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள்.